நாலாம் நம்பரில் ஓடிய கம்ப்யூட்டர்

இல்லத்தரசி என்பது, ஒன்றுமே தெரியாத விஷயத்துக்கெல்லாம் ‘சரி’ அல்லது ‘கூடாது’ என்று தீர்ப்புச் சொல்கிற உத்தியோகம். அதையும் அடுப்பில் ஒரு கண் வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுகிற பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மலைமேல் வாழவந்தி நாட்டில், மிளகுத் தோட்டத்து நடுவே இருக்கிற எங்கள் வீட்டில், போன மழைக்காலத்தில் என் முன்னால் வந்து நின்ற வழக்கு: கம்ப்யூட்டரை ஓவர்க்ளாக் செய்யலாமா, கூடாதா?

மிக்ஸிப் பாடம்

வழக்கைக் கொண்டுவந்தவள் என் மகள் சாரு. டிகிரி முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவளும் மலைக்குக் கீழே இருக்கிற நான்கு தோழிகளும் ஓர் அணி. அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து துப்பாக்கி விளையாட்டு ஆடுவார்கள். சேலத்தில் நடக்கவிருந்த ஒரு போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இவளுடைய கம்ப்யூட்டரோ பழசு. படம் விட்டு விட்டு வரும். எதிராளி தெரிவதற்குள் இவள் செத்துக் கிடப்பாள். ஒவ்வொரு படமாகப் புரட்டுகிறாள் என்று தோழிகள் அவளுக்குக் ‘கல்யாண ஆல்பம்’ என்று பேரே வைத்திருந்தார்கள். இன்னொரு தரம் பாதியில் நின்றால் வேறொருத்தியைச் சேர்த்துக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

“பத்து நிமிஷம் உக்காரும்மா, வெவரமாச் சொல்றேன்” என்றாள். சட்னிக்குத் தேங்காய் போட்டுக்கொண்டிருந்த நான், நிற்கும்போதே சொல் என்றேன். கம்ப்யூட்டருக்குள் ப்ராசஸர் என்று ஒரு சில்லு. இவ்வளவு வேகந்தான் ஓட வேண்டும் என்று செய்த கம்பெனி ஓர் அளவு வைத்து அனுப்புகிறது. அதை நாமே உள்ளே போய்க் கூட்டலாம். கூட்டினால் சூடும் கூடும். “உன் மிக்ஸில மூணாம் நம்பருக்கு மேல நாலாம் நம்பர் வெக்கற மாதிரி” என்றாள். மிக்ஸியில் நாலாம் நம்பரே கிடையாதே என்றேன்.

“அதத்தாம்மா நாமளே உண்டாக்கறது.”

சாமி கொடுக்கிற ஏசி

என் வீட்டுக்காரர் எந்த வியாதிக்கும் மலைக்காற்றையே மருந்தாகச் சொல்கிறவர். சூட்டைத் தணிக்கப் பெரிய ஃபேன் வாங்கி மாட்ட வேண்டும் என்று சாரு சொன்னதும் சிரித்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் கல்யாணச் சீரில் வந்த சீலிங் ஃபேனே இன்னும் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. வியாழக்கிழமை அவரே ஸ்க்ரூடிரைவர் எடுத்துவந்து, பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மேசையோடு சன்னலோரமாக நகர்த்திவைத்தார். கீழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தப் புத்தி வராது. குளிரிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குத்தான் வரும்.

குளிரோடு கூட என்ன வரும் என்று எனக்காவது உறைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்துவைத்தால் சாயங்காலத்துக்குள் உப்பு கசிந்து நிற்பதை இருபத்தைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான். அவர் சொன்னதைக் கேட்டு நானும் தலையாட்டினேன்.

“சன்னலத் தொறந்து உடு கண்ணு. கீழ இருக்கறவன் காசு குடுத்து வாங்கறத நமக்குச் சாமி சும்மா குடுக்குது.”

ரசமும் பாயும்

கம்ப்யூட்டர் வாங்கியது அடிவாரத்தில் ஒரு பாய் கடையில். சாரு அவரிடமும் யோசனை கேட்டிருக்கிறாள். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை மதியம் அவள் செம்மேட்டுக்குப் போயிருந்தபோது, அவள் போனுக்கு டவர் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டார். ரசம் நுரை கட்டுகிற நேரம். ரசம் வைக்கிறவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு நிமிஷத்தில் வீட்டுக்கு யமனே வந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

“அக்கா, பாப்பாகிட்ட ரெண்டே விசயம் சொல்லிருங்க. ஃபேன மாத்தாம வேகத்தக் கூட்ட வேண்டாம். அதவிட முக்கியம், பொட்டி மூடியக் கழட்டி சன்னல்கிட்ட வெச்சராதீங்க. மலையிலருந்து எங்கிட்ட வர்ற பொட்டிக முக்காவாசி ஈரத்துலதான் போயிருக்குது” என்றார். “சரிங்க பாய், சொல்லிர்றேன்” என்றேன். கான்வென்ட்டில் எனக்கு வருஷா வருஷம் நன்னடத்தைப் பரிசு கிடைக்கும். குரலில் தேன் ஊற்றப் பழக்கியிருந்தார்கள்.

சாருவிடம் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்பது பாதி நிஜம். மீதி, அந்தப் பேச்சை வீட்டில் நானே மறுபடி கிளறிவிட்டு அரைமணி நேரம் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. போனை வைக்கப்போகையில் பாய் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

“கொஞ்சம் இருங்கக்கா, நீங்க கேட்டீங்களா இல்லீங்களா?”

தீர்ப்பு

சனிக்கிழமை சாரு மறுபடி வந்தாள். காயாத துணிகளை மூன்றாம் தரம் மாற்றிக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். “செய்யட்டுமா, வேண்டாமாம்மா? நீ வேண்டாம்னா உட்டுர்றேன்.” விட்டும் இருப்பாள். அப்படி ஒரு பிள்ளை. “செஞ்சு தொல, என் காதத் திங்காத” என்றேன். பாயின் போன் அப்போது எனக்கு ஞாபகத்தில் இருந்ததா என்று கேட்காதீர்கள். நானும் என்னைக் கேட்பதில்லை.

“இது சரிங்கறதா, திட்டறதா? சரி, சரின்னே வெச்சுக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை

நாலாம் நம்பர் நன்றாகவே ஓடியது. படம் தண்ணீர் மாதிரி ஓடிற்று. “ஆல்பம் வீடியோ ஆயிருச்சுடி” என்று தோழிகள் கத்தியது எனக்கே கேட்டது. அன்றைக்குத்தான் முதல்முதலாக அவள் ஆடுவதை நின்று பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, அடிக்கடி லேசாகச் சிரித்துக்கொண்டு, எனக்குத் தெரியாத யாரோ போல இருந்தாள். முதல் சுற்றில் ஜெயித்தார்கள்.

மழை நின்றதும் வழக்கம்போல மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்தது. எங்கள் ஊரில் அதற்கெல்லாம் யாரும் எழுந்து சன்னலைச் சாத்துவதில்லை. இரண்டாம் சுற்று நடுவில் திரை இருண்டது. எந்தப் பொத்தானுக்கும் உயிர் வரவில்லை. சாரு கையைக் காலை உதறவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் மெதுவாக வைத்தாள். அன்று ராத்திரியே அணியில் வேறொருத்தி சேர்ந்தாயிற்று. என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் புரியாமல் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“சூடே ஆகலியே கண்ணு.”

பாய் கடையில்

திங்கட்கிழமை அந்தப் பெட்டியை என் பழைய புடவையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு சாருவோடு பஸ்ஸில் மலை இறங்கினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அதை அணைத்துப் பிடித்தேன். பிள்ளையைப் பிடித்த மாதிரி என்று நினைத்து, அந்தப் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளே என்று வெட்கமாக இருந்தது. பாய் திறந்து, விளக்கடித்துப் பார்த்தார். வேகம் கூட்டியதைக்கூடத் தாங்கியிருக்கும், ஈரம் இறங்கித்தான் போர்டு போயிருக்கிறது என்றார். பிறகு சாருவிடம், “அன்னிக்கே உங்கம்மாகிட்டப் போன்ல சொன்னேனே பாப்பா, மூடியக் கழட்டாதீங்கன்னு” என்றார்.

நான் சுவரில் தொங்கிய மவுஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். சாரு என்னை ஒரு தரம் பார்த்தாள். வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கிறவள் நான். அவள் திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் பாய் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அம்மா அப்ப வேலையா இருந்திருப்பாங்க பாய்.”

சாருவிடம் இப்போது வேறு கம்ப்யூட்டர் இருக்கிறது, அதை என்ன செய்யலாம் என்று அவள் என்னிடம் கேட்பதில்லை; ஆகவே தாய்மார்களே, ஓவர்க்ளாக் செய்யலாமா கூடாதா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது, ஆனால் பிள்ளை பத்து நிமிஷம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள், ரசம் கெட்டால் வேறு வைத்துக்கொள்ளலாம்.