லிஃப்ட் பொத்தானை அமுக்கிய அக்கா

தல்லாகுளத்தில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்துக்கு ஆப் எவ்வளவு கூட்டம் தாங்கும் என்று லோடு டெஸ்டிங் பார்க்க வந்த அக்காவுக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. ஒல்லியான உடம்பு, தலைமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. லிஃப்ட் பொத்தான் எரிந்துகொண்டிருந்தாலும் அதையே விடாமல் அமுக்குவார்.

மறுநாள் காலை எங்கள் ஆப்பில் பொங்கல் பஸ் முன்பதிவு. அது படுத்துவிட்டால் பஸ்காரர்கள் எங்களைக் கைகழுவிவிடுவார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் டிக்கெட் கேட்பதுபோலப் போலிப் பயணிகளை உருவாக்கி ஏவிவிட்டேன். டேட்டாபேஸ் அசரவில்லை.

"எப்படிக்கா?" என்றேன் பெருமையாக.

அவர் நின்றபடியே திரையைப் பார்த்தார்.

"ஒருக்கா அமுக்கிட்டு, பதில் வார வரைக்கும் சும்மா நிக்கிறாக. இம்புட்டு நல்லவுகள எங்க தம்பி புடிச்ச? நம்மாளு அமுக்கிக்கிட்டே இருப்பான். பத்தாததுக்குப் பொண்டாட்டி போன்லயும் அமுக்குவான்."

போலிப் பயணிகளை அவசரக்காரர்களாக மாற்றினோம். கொஞ்ச நேரத்தில் டேட்டாபேஸ் படுத்துவிட்டது.

"இன்னைக்கே விழுந்துச்சேன்னு சந்தோசப்படு," என்றார்.

ஒரே ஆள் எத்தனை முறை அமுக்கினாலும் ஒரே கோரிக்கையாக எடுத்துக்கொள்ளும்படி சாயங்காலத்துக்குள் திருத்தினோம். மறுநாள் முன்பதிவுக் கூட்டத்தை ஆப் தாங்கியது.

"வாரேன் தம்பி," என்று கிளம்பியவர் லிஃப்ட் முன்னால் நின்றார். பொத்தான் எரிந்துகொண்டுதான் இருந்தது. மறுபடியும் மறுபடியும் அமுக்கினார். அவர் அறிந்து வைத்திருந்தது ஊர்க்காரர்களையா, தன்னையேவா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.