சினைத் துண்டு

மீன் குழம்பில் சினை கிடந்தால் அது முதலில் அப்பாவின் தட்டுக்குப் போகும். அங்கிருந்து என் தட்டுக்கு வரும். எங்கள் வீட்டுச் சட்டம் அது. சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் சொந்தப் படகு வைத்திருந்த அப்பாவுக்கு நான் பிந்திப் பிறந்த ஒற்றைப் பிள்ளை. சினை இல்லாமல் சோற்றைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்து, கரைக்கு வரும் மற்றவர்களின் படகுகளிலும் அவரைச் சினைமீன் தேடவைத்த பெருமை எனக்குண்டு.

எனக்குப் பதினொரு வயதானபோது அப்பா கடலுக்குப் போவதை நிறுத்தினார். வலை விட்ட இடம் மறந்து, வெறும் படகோடு திரும்பியிருந்தார். அல்சைமர், மறதி நோய் என்று டவுன் டொக்டர் சொன்னார். படகை மாமா எடுத்துக்கொண்டு போனார். அம்மாவுக்கு ஒத்தாசையாகச் சின்னம்மா வந்து எங்களோடு தங்கினார்; கூடவே அவருடைய ஐந்து வயது மகளும் வந்து சேர்ந்தாள். வந்தவளுக்கு அம்மா என் பழைய சட்டைகளை எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சிறுத்துப்போன சட்டைகள்தான். ஆனாலும் வயிறு எரிந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவள், ஐந்து வயதில் நான் போட்டுத் திரிந்த சிவப்புச் சட்டையோடு சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அப்பா சினையை எடுத்து, ஊதி ஆற்றி, அவளுடைய தட்டில் வைத்தார்.

"சாப்பிடு குஞ்சு."

குஞ்சு என்பது நான். ஊரில் வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அப்பா, நான்தான் குஞ்சு!" என்று கத்தினேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பிள்ளை ஆரின்ர மகள்? கூச்சப்படாமல் சாப்பிடுங்கோ" என்றார். வீட்டுக்கு வந்த ஆளிடம் பேசுகிற குரல் அது. பிறகு அவளைக் காட்டி, "இவ என்ர மகள். சினை இல்லாட்டி சோறு தொடமாட்டா" என்று பெருமையாக வேறு சொன்னார்.

அந்தச் சனியனுக்கோ சினையே பிடிக்காது. வாயில் வைத்ததும் துப்பினாள். அப்பா கலங்கிப்போனார். "ஏன் குஞ்சு, சுகமில்லையோ?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். என் நெற்றியை யாரும் தொடவில்லை.

நான் அழுதுகொண்டு குசினிக்குள், அடுப்படிக்கு ஓடினேன். அம்மா என்னைப் பிடித்து நிறுத்தி, "அவர் உனக்குத்தானடி குடுக்கிறார்" என்றார். எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. என் கண்முன்னால் அவளுக்குக் கொடுத்துவிட்டு, இப்படியும் ஒரு பொய்யா?

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்பா வேறு பக்கம் பார்க்கும் நேரத்தில் சினையை என் தட்டுக்குத் தள்ளிவிடுவாள். இவள் வேண்டாமென்றதை நான் தின்பதா என்று ரோஷம் வரும். ஆனாலும் சினையாயிற்றே! அப்பாவின் கண்ணில் படாமல், இன்னொருத்தியின் பங்கைக் களவெடுத்தவள் போல அவசர அவசரமாக விழுங்குவேன். அது யாருக்கென்று எடுத்துவைத்த பங்கு என்பது அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.