மாரியாயி கொடுத்த தேத்தண்ணி

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இந்தப் பெயரைச் சொல்லிக் கோத்தகிரிப் பக்கம் ஒரு கதவுகூடத் திறந்ததில்லை. "ஊசி போடுவீங்களா? மாத்திரை குடுப்பீங்களா?" என்பார்கள். இரண்டும் இல்லை என்றதும் முகம் தொங்கிப்போகும். பக்கவாதம் வந்தவர்களுக்கும் தள்ளாதவர்களுக்கும் குளிக்க, உடுத்த, அடுப்பு மூட்ட மறுபடி பழக்குவதுதான் என் வேலை. சின்ன டிரஸ்ட் ஒன்றின் ஜீப்பில் எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்றியே எனக்குத் தலை நரைத்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகள், "எதை முதல்ல கத்துக்கணும் மேடம்?" என்று கேட்டால் மாரியாயியைத்தான் சொல்கிறேன்.

1. பிளாஸ்டிக் கூம்புகள்

மாரியாயி தேயிலைக் கொழுந்து பறித்து ரிட்டையரானவர். சிறுமியாகச் சிலோனிலிருந்து வந்தவர் என்பதால் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். எஸ்டேட்டை ஒட்டிய காலனியில் சொந்த வீடு. கணவர் இல்லை. பக்கவாதம் வந்த பிறகு கோல் ஊன்றி நடக்கப் பழகிவிட்டார். ஆனால் வலது கை மடங்கி, விரல்கள் சுருண்டு, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. ஒரே மகன் செல்வத்துக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அம்மாவைக் கூட்டிப்போக வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், ஒத்தையில கெடந்து விழுந்துட்டா யாருங்க பாக்கறது? எங்க ஊடு மூணாவது மாடி, ஒரே ரூம்புதான். ஆனா கண்ணு முன்னால இருப்பாங்கல்லங்க."

"மூணாவது மாடிக்கு ஏறுனா, எறங்குறப்ப நாலு பேரு தூக்கிட்டுத்தான் எறக்கணும். நான் வரல" என்றார் மாரியாயி.

செல்வம் கெட்டவர் இல்லை, பயந்தவர். கடைசியில் என்னிடம் ஒரு கெடு வைத்தார். "தீபாவளிக்கு வருவனுங்க. ஒரு டீயாச்சும் தானாப் போட்டுக்க முடிஞ்சா இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா கூட்டிட்டுப் போயிருவேன்."

செவ்வாய்தோறும் சமுதாயக் கூடத்தில் பெரியவர்களுக்குப் பயிற்சி நடத்துவோம். அங்கே கைப் பயிற்சிக்காக அவர் முன்னால் கலர் கலராகக் கூம்புகளை வைத்து, அடுக்கச் சொன்னேன். "நான் என்ன பால்வாடிப் புள்ளையா?" என்று கோலால் ஒரு தள்ளு தள்ளினார். கூம்புகள் கூடம் முழுக்க உருண்டன. எனக்குச் சுர்ரென்று வந்தது. பொறுக்கி எடுத்து முடிப்பதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. அடுத்த முறை கூம்புப் பையை ஜீப்பிலேயே விட்டுவிட்டு நேராக அவர் சமையலறைக்குப் போனேன்.

2. எந்தக் கை?

ஒற்றைக் கையால் டீ போட வழிகள் உண்டு. பாத்திரம் நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. டப்பா மூடியைத் திறக்கத் தொடையிடுக்கில் பிடிப்பு. வடிகட்டியை டம்ளர் மேலேயே உட்காரவைத்துவிடலாம். இதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவர் இடது கையை நீட்டத்தான் மாட்டேன் என்றார்.

"பீச்சாங்கையால அடுப்பத் தொடச் சொல்றீங்களே, அடுக்குமா?"

"அடுப்புக்கு எந்தக் கைன்னு தெரியாதுங்கம்மா."

"எனக்குத் தெரியுமே!"

சந்தையில் பேரம் பேசுவதுபோலப் பல வாரம் பேசினோம். ஒரு மழை நாளில் அவரே இறங்கி வந்தார். "சரி, நான் குடிக்கிறதுக்குத்தானே. போவுது." அன்றைக்கே பற்றவைத்தார், கொதிக்கவைத்தார், வடிகட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கும் இருக்கு, நீங்களே ஊத்திக்குங்க" என்றார். பிறகு நான் போன நாளெல்லாம் அப்படித்தான், நானேதான் ஊற்றிக்கொண்டேன். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

3. தீபாவளிக்கு முந்தின நாள்

செல்வம் போன் செய்து என்னையும் வரச்சொன்னார். வாசலில் டாக்ஸி காத்திருந்தது. மாரியாயி ஒரு சொட்டு சிந்தாமல் டீ போட்டு, டம்ளரில் பாதி அளவுக்கு ஊற்றினார். கதவில் சாய்ந்திருந்த செல்வத்தின் முகம் மலர்ந்தது. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

டம்ளரை இடது கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார்.

"என்னம்மா, தூக்க முடியலயா?" என்ற செல்வம் என் பக்கம் திரும்பினார். "பாருங்க மேடம், போட்டும் எடுத்துக் குடுக்க முடியலீங்களே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தான் குடிக்கத்தான் இடது கை என்று சம்மதித்தவர் அவர். வந்த பிள்ளைக்கு அந்தக் கையால் எப்படிக் கொடுப்பார்? சொல்ல வாயெடுத்தேன்.

"இரு தம்பி" என்றார் மாரியாயி.

அடுப்பு மேடையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, மடங்கிய வலது கையை இடது கையால் நெஞ்சிலிருந்து இழுத்தார். அந்தக் கையைக் கழுவுவதற்காக நான் சொல்லித்தந்த மாதிரியே மணிக்கட்டை மடக்கி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். சேலைத் தலைப்பால் துடைத்தார். அந்தக் கையை டம்ளரின் ஒரு பக்கம் ஒட்டவைத்து, இடது கையால் கனத்தைத் தாங்கி, ரெண்டு கையுமாக நீட்டினார். உணர்வு குறைந்த கையில் சூடு படக் கூடாது என்பது எங்கள் பாடம். நல்லவேளை, டீ அதற்குள் ஆறியிருந்தது.

"இந்தா, தேத்தண்ணி."

செல்வமும் ரெண்டு கையாலும் வாங்கினார். ஒரு வாய் குடித்தார். அம்மாவைப் பார்க்க முடியாமல் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சக்கர பத்தலம்மா."

"திருப்பூருக்குப் போயி போட்டுக்க" என்றார் மாரியாயி.

செல்வம் வெளியே போய் டாக்ஸியை அனுப்பிவிட்டு வந்தார். தீபாவளிக்கு அங்கேயே இருந்துவிட்டு, தனியாகத்தான் ஊருக்குப் போனார்.

பிள்ளைகளே, தானாகச் சாப்பிடுகிறாரா, தானாகக் குளிக்கிறாரா என்றுதான் நாம் கேட்கப் படித்திருக்கிறோம். அதையும் கேளுங்கள். ஆனால் முதலில், "உங்க வீட்டுக்கு யார் வருவாங்க? வந்தா என்ன கொடுப்பீங்க?" என்று கேளுங்கள். பயிற்சியை அங்கேயிருந்து ஆரம்பியுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாரியாயி எனக்கும் ரெண்டு கையாலும் தேத்தண்ணி கொடுத்தார். செல்வம் சொன்னது சரிதான், சர்க்கரை பத்தவில்லை. நான் மூச்சு விடவில்லை, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.