சங்கு நின்றதும் கேட்ட கொலுசு

என் மகளுக்கு ஐந்து வயதில் வலிப்பு வரத் தொடங்கியது. சீக்காளிப் பிள்ளை என்றால் ஓரிடத்தில் சுருண்டு கிடக்கும் என்று நினைப்பார்கள். இவளை வாலில்லாக் குரங்கு என்றால் குரங்கு கோபித்துக்கொள்ளும்.

எண்பதுகளின் நடுவில் ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என் கணவரின் வேலைக்காக வந்தவர்கள். இவள் விழுந்துவிட்டால் வரிசையிலுள்ள அத்தனை வீட்டிலிருந்தும் சாவியோடு ஓடி வருவார்கள். கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்று நம்பிக்கை. டாக்டரோ, "சாவியால் ஒன்றும் ஆகாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மாத்திரையை விடாதீர்கள்" என்றார். நான் ஒருக்களித்தும் படுக்க வைத்தேன், சாவியும் கொடுத்தேன். பயந்தவளுக்கு எல்லாச் சாமியும் வேண்டும்.

அவள் விழுவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நான் பார்க்காத இடத்தில் விழுவதுதான் என்னைத் தின்றது. ஒருமுறை குழாயடித் தொட்டியின் பக்கத்தில் விழுந்தாள். கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் முகம் தண்ணீருக்குள் போயிருக்கும். அதற்கப்புறம்தான் முத்து நிறைய வைத்த கொலுசு வாங்கிப் போட்டேன். சமையலறையில் நின்றபடியே அவள் எங்கே ஓடுகிறாள் என்று காதால் பார்த்துக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவேன். பாதி நேரம் எறும்புப் புற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டு குத்தவைத்திருப்பாள். "சும்மா சும்மா ஏம்மா வர்ற?" என்று முறைப்பாள்.

ஒரே ஒரு இடைஞ்சல், தொழிற்சாலைச் சங்கு. நெமிலிச்சேரி வரை கேட்கும் என்பார்கள். மத்தியானம் அது ஊதும்போது கொலுசு கேட்காது. அவள் கையில் கொடுக்கவென்று இடுப்பில் செருகியிருந்த சாவியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பேன். சங்கு ஓய்ந்து, கொலுசு மறுபடி ஜல் ஜல் என்று கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

அவளுக்கு எட்டு வயதான கோடை விடுமுறையில் ஒருநாளும் அப்படித்தான். சங்கு ஊதி நின்றது, கொலுசு கேட்டது. நிம்மதியாகச் சோற்றை வடித்தேன். சத்தம் வாசலுக்கு வந்தது. "ஏட்டி, சாப்பிட வாட்டி" என்று திரும்பினால், பக்கத்து வீட்டுப் பெண் நிற்கிறாள். அவள் காலில் என் மகளின் கொலுசு.

அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்தேன். "அவ எங்கட்டி?"

"கிரவுண்ட்ல சைக்கிள் ஓட்டினு கீறா ஆன்ட்டி. சங்கு ஊதறப்போ கொலுச கயட்டிக் குடுத்தா. சத்தம் நிக்காம ஓடிகினே இருன்னு சொன்னா. எனக்குக் கால் வலிக்குது."

என் காது எப்போது செவிடாகும் என்று அந்த எட்டு வயது கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. செருப்பில்லாமல் ஓடினேன். மைதானத்தில், யாருடைய சைக்கிளோ, அரைப்பெடலில் பறந்துகொண்டிருந்தாள். வாயெல்லாம் சிரிப்பு. கத்தினால் பயந்து விழுந்துவிடுவாளோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டாள். சிரிப்பு அணைந்தது. சைக்கிளை நிறுத்தி இறங்கினாள்.

"இதுல ஏறுனா எனக்கு வலிப்பு இருக்கறதே மறந்துபோவுதும்மா. ஒன் மூஞ்சியப் பாத்தாத்தான் ஞாபகம் வருது."

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அவளுக்குப் போட்டுவிடக் கொலுசை எடுத்தேன். தினமும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சண்டை போடுகிறவள், அன்று பேசாமல் நீட்டினாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கொலுசைப் பருப்பு டப்பாவில் போட்டு மூடினேன். மைதான மண்ணில் மட்டும் ஓட்டு, தண்ணீர்ப் பக்கம் போகாதே, பக்கத்து வீட்டுப் பெண் கூடவே இருக்கட்டும் என்றேன். விழுந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுத்தேன். இவள் பாதியைக் கேட்பதற்குள் வாசல் தாண்டிவிட்டாள்.

மத்தியானம் சங்கு ஊதியது. ஓய்ந்தது. அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத் தேடிக்கொண்ட அமைதிதான், ஆனாலும் என்னால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அவள் பின்னால் வந்து நின்று "பசிக்கும்மா" என்றபோது வீறிட்டுக் கத்திவிட்டேன்.

அப்புறமும் இரண்டொரு தடவை விழுந்தாள், எழுந்தாள். வயதுக்கு வந்தபின் மெல்ல மெல்ல வலிப்பு நின்றது. மாத்திரையையும் டாக்டரே நிறுத்தினார். இப்போது அவள் வேறு ஊரில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். நாங்களும் குவார்ட்டர்ஸை விட்டு வந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் கரண்ட் போய், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி சட்டென்று நின்றால், என் கை இடுப்பில் சாவியைத் தேடுகிறது.