அலுமாரியில் இல்லாத உப்பு

எங்கள் பாடசாலையின் இரசாயன ஆய்வுகூட அலுமாரியில் ஆறு உப்புகள் இருக்கின்றன. நாட்டின் பொருளாதாரம் விழுவதற்கு முன்பு இதைவிட நிறைய இருந்தன என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. சில நாட்களில் நானும் நம்புவதில்லை.

உயர்தர வகுப்புக்குத் தெரியாத உப்பொன்றைக் கொடுத்து, அதில் என்ன இருக்கிறதென்று கண்டுபிடிக்கச் சொல்வதற்குப் பாடப்புத்தகத்தில் பண்பறி பகுப்பு என்று பெயர். எங்கள் பிள்ளைகள் அதை ‘அலுமாரி’ என்பார்கள். மூத்த வகுப்பு இளைய வகுப்புக்கு வாய்மொழியாகக் கொடுத்துவிட்டுப் போகிற பாடம். நீலம் என்றால் செப்பு. இளம்பச்சை என்றால் இரும்பு. வெள்ளையில் நாலு இருக்கிறது: கசிந்து ஒட்டினால் கல்சியம், மூக்கைப் பொத்த வைத்தால் அமோனியம், தூக்கும்போது பாரமாக இருந்தால் ஈயம், இது ஒன்றும் இல்லாமல் சும்மா மினுங்கினால் நாகம், பிள்ளைகளின் வாயில் ‘சிங்க்’. இவ்வளவும் தெரிந்த ஒருவனுக்குச் சோதனைக்குழாய் ஒரு அலங்காரப் பொருள். உப்பைப் பார்த்தவுடன் விடையை எழுதிவிடுவான். பிறகு அந்த விடைக்குப் பொருத்தமான அவதானங்களை மனப்பாடத்திலிருந்து இறக்குவான். விஞ்ஞானம் இதற்கு நேர் எதிரான திசையில் போவது என்று முதல் நாள் நான் ஒரு மணித்தியாலம் பேசுவேன். அமைதியாகக் கேட்பார்கள். நல்ல பிள்ளைகள்.

அந்த வருடம் வகுப்பில் ஒருத்திக்கு மட்டும் அலுமாரி தெரியாது. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சாதாரண தரம் முடித்துவிட்டு எங்களிடம் வந்தவள். கண்டியில் பஸ் ஏறினால் பேராதனை தாண்டி மலையேறிப் போய்ச் சேர இருட்டிவிடும் என்பதால், மணியடித்ததும் ஓடிவிடுவாள். மற்றவர்கள் டியூஷனுக்குப் போகும் வழியில் பெட்டிக்கடை முன்னால் மூத்தவர்களிடம் அலுமாரியைக் கற்றுக்கொண்டபோது, அவள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய தோட்டத்திலிருந்து விஞ்ஞானப் பிரிவுக்கு வந்த முதல் பிள்ளை. அதில் நிலைத்திருப்பது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அது இலேசில்லை. முதல் வருட முடிவில் எங்களுக்கு ஒரு வடிகட்டல் பரீட்சை உண்டு. ஐம்பதுக்குக் கீழே போனவர்கள் மரியாதையாகக் கலைப் பிரிவுக்கு அனுப்பப்படுவார்கள். பாடசாலையின் பொதுப் பரீட்சைச் சித்தி வீதம் கெடக்கூடாதல்லவா. இரசாயனத்தில் பாதி எழுத்துப் பரீட்சை, பாதி செய்முறை.

எழுத்துப் பரீட்சையில் சேதன இரசாயனம் அவளைக் கவிழ்த்துவிட்டது. ஒரு சேர்வையிலிருந்து இன்னொரு சேர்வைக்குப் போகும் வழியைக் கேட்பேன். டியூஷன் பிள்ளைகள் இரண்டு படியில் போய் இறங்கிவிடுவார்கள். இவள் கலஹாவிலிருந்து தெல்தெனியவுக்குப் போகிறவள் மாதிரி, பேராதனையில் ஒரு பஸ், கண்டியில் ஒரு பஸ் என்று மாறி மாறிப் போவாள். போய்ச் சேர்வாள், அதில் பிழையில்லை. ஆனால் நேரம் முடிந்துவிடும். பாதிக் கேள்விகள் வெறுமையாகக் கிடந்தன. நாற்பத்தொன்று.

மிச்சமிருந்தது செய்முறை. அந்த முறை அலுமாரியைத் தோற்கடிப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். நடுவயதில் வருகிற வீரம். சிலர் மோட்டார் சைக்கிள் வாங்குவார்கள், நான் நூறு கிராம் படிகாரம் வாங்கினேன்.

டவுனில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர் எனக்குப் பழக்கமான ஒரு முஸ்லிம் பெரியவர், ஊருக்கே ‘நானா’. கடதாசியில் சுற்றியபடியே கேட்டார்: “ஷேவ் எடுக்கவா சேர், தண்ணி தெளிய வைக்கவா?”

“புள்ளைகளத் தெளிய வைக்க, நானா.”

“அதுக்கு இது பத்தாதே சேர்.”

வீட்டில் அதை இடித்தபோது மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள். “அந்த உரல்ல இனி நான் இஞ்சி இடிக்க மாட்டேன், சொல்லிட்டேன்” என்றாள். புதிய உரல் வாங்கிக் கொடுத்தேன். விஞ்ஞானத்துக்காக நான் செய்த ஒரே தியாகம் இதுதான்.

இடித்த படிகாரம் நாக சல்பேற்றைப் போலவே மினுங்கும். காரத்தை ஊற்றினால் இரண்டும் வெள்ளை வீழ்படிவு தரும், மிகையாக ஊற்றினால் இரண்டும் கரையும். காட்டிக்கொடுப்பது அமோனியா மட்டும்தான். நாகத்தின் வீழ்படிவு அதில் கரைந்துவிடும். படிகாரத்தில் இருப்பது அலுமினியம். அதன் வீழ்படிவு எவ்வளவு அமோனியா ஊற்றினாலும் அகர் ஜெலி மாதிரி அசையாமல் நிற்கும். கண் இருந்தால் போதும்.

பரீட்சையன்று வரிசையாக நடந்தேன். வகுப்பின் முதல் மாணவன் கடைசி வரியை எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டான். ‘மிகையான அமோனியாவில் கரைந்தது.’ அவன் முன்னால் குழாய்க்குள் ஜெலி மிதந்துகொண்டிருந்தது.

“கரைஞ்சிட்டா தம்பி?”

“கரைஞ்சிட்டு சேர்.”

“அப்ப அது என்ன மிதக்குது?”

குனிந்து பார்த்தான். அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். “டியூப் சரியா கழுவல போல சேர்” என்றான். பக்கத்துப் பெண்ணின் குழாயிலும் ஜெலி. அவளும் ‘கரைந்தது’ என்றுதான் எழுதியிருந்தாள். அந்த மேசை முழுவதும் குழாய்கள் கழுவப்படாமல் இருந்தன.

கடைசி மேசையில் கலஹாப் பிள்ளை மூன்றாவது தடவையாகக் கையை உயர்த்தினாள். “சேர், அமோனியா இன்னும் கொஞ்சம் தாங்க.”

“அமோனியா என்ன விலை விக்குது தெரியுமா? டீத்தண்ணி மாதிரி கேக்குறியே.”

“கரைய மாட்டேங்குது சேர்.”

“கரையாட்டி கரையலன்னு எழுது.”

எழுதினாள். அவளுடைய தாளில் கடைசி வரி இது: ‘அலுமினியம், சல்பேற்று. இன்னொன்றும் இருக்கலாம், எனக்குத் தெரியவில்லை.’ இன்னொன்று இருக்கத்தான் செய்தது, பொட்டாசியம். தெரியவில்லை என்று ஒருவர் எழுதிய விடைத்தாளை நான் அதற்கு முன்பு திருத்தியதில்லை. அந்த வரிக்கும் புள்ளி போட்டேன்.

மற்றவர்கள் எல்லோரும் சிங்க். ஒருவர் பாக்கியில்லை. கூட்டிப் பார்த்தால் பாதி வகுப்பு ஐம்பதுக்குக் கீழே போய்விட்டது, வைத்தியர்களின் பிள்ளைகளும் சேர்த்து. அவள் மட்டும் வசதியாக மேலே நின்றாள். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுதிவைக்கிறேன். பிறகு அதற்கு வேலை இருக்கவில்லை.

பெற்றோரின் அழைப்புகள் பாடசாலை அதிபரின் தொலைபேசியைச் சூடாக்கிவிட்டன. இரண்டாம் நாள் கூப்பிட்டார். உயர்தரப் பிரிவுத் தலைவியும் அங்கே இருந்தார். யாழ்ப்பாணத்து அம்மா, பௌதிகவியல் படிப்பிப்பவர், யாரையும் கடிந்து பேசாதவர்.

“நீங்கள் செய்தது விளங்குது சேர்” என்றார் அவர். “ஆனா அலுமாரியில இல்லாததை எப்பிடிக் கேப்பியள்? பிள்ளையள் பாவமெல்லோ.”

“கொழும்பில கேள்வி போடுறவங்ககிட்ட நம்ம அலுமாரிச் சாவி இல்லையே மிஸ்.”

“ஓம், அது சரிதான். ஆனா அவையள் உப்பைக் கையில தாறேல்லையே.”

அதிபர் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார். “அதத்தான் நானும் சொல்ல வர்றேன். பொதுப் பரீட்சையில செய்முறையே கிடையாது. அங்க எழுதணும், அவ்வளவுதான். பார்க்கத் தேவையில்ல. பார்க்காமலே இத்தனை பேர் ஒரே மாதிரி எழுதியிருக்காங்கன்னா, நீங்க நல்லாப் படிப்பிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.”

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதுதான் மிகப் பெரியது.

முடிவு எளிமையாக இருந்தது. செய்முறை இரத்து, எழுத்துப் பரீட்சை மட்டும் செல்லும். வைத்தியர்களின் பிள்ளைகள் எழுபதுகளில் பத்திரமாகக் கரையேறினார்கள். நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாகவே நின்றது.

“ஒரே ஒரு புள்ளை சரியா செஞ்சிருக்கு சேர். அதத்தான் வெளிய அனுப்பப் போறோம்” என்றேன்.

“ஒரு ஆளுக்காக விதியை மாத்த முடியாது” என்றார் அதிபர். பாதி வகுப்புக்காக மாற்றி முடித்துக் கால் மணித்தியாலம் ஆகியிருக்கவில்லை.

பிரிவு மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட அவளுடைய அம்மா வந்தார். கொழுந்து பறிக்கும் வேலை. ஒரு நாள் பேர் போடாமல், சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருப்பதாக வாசலிலேயே சொன்னார். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், பாட ஆசிரியன் என்ற முறையில்.

“எம்புள்ள பெயிலுங்களா ஐயா?”

“அப்படிச் சொல்ல முடியாதும்மா” என்றார் அதிபர்.

“அப்ப பாசுங்களா?”

“அப்படியும் இல்ல. கலைப் பிரிவும் நல்ல பிரிவுதாம்மா. அங்க இருந்தும் கெம்பஸ் போகலாம்.”

“நல்ல பிரிவுன்னா மத்தப் புள்ளைங்கள ஏங்கய்யா அங்க போடாம இங்கயே வச்சிருக்கீங்க?”

அதிபர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த ஆவர்த்தன அட்டவணையைப் பார்த்தேன். பதின்மூன்றாவது கட்டத்தில் அலுமினியம், தன் இடத்தில், யாரும் அசைக்காமல் உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது எனக்கும் கும்பிடு போட்டார். அதைத் தவிர்த்திருக்கலாம்.

அன்று பின்னேரம் அவள் ஆய்வுகூடத்துக்கு வந்தாள், பாடசாலையிலிருந்து இரவலாகக் கொடுத்த வெள்ளைக் கோட்டைத் திருப்பிக் கொடுக்க. துவைத்து மடித்திருந்தாள். விடைத்தாள்களும் இரத்துத்தான், யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.

“சேர், அது அலுமினியந்தானே?”

“ஆமா.”

“வேற யாராச்சும் எழுதினாங்களா?”

“இல்ல. எல்லாரும் சிங்க்.”

கொஞ்சம் யோசித்தாள். கணக்குப் போடுகிறவளின் முகம் அது. நாற்பத்தொன்றை எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் ஒரே விடைதான் வருகிறது என்று கண்டுகொண்டிருக்க வேண்டும்.

“அப்ப நானும் சிங்க்னே எழுதியிருக்கலாம் சேர். அமோனியாவாச்சும் மிச்சமாயிருக்கும்.”

சிரிக்கவில்லை, அழவுமில்லை. கோட்டை மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். இப்போது ஆய்வுகூடத்துக்கு நேர் மேல்மாடியில் புவியியல் படிக்கிறாள். பாடவேளை முடியும்போது கதிரைகள் இழுபடும் சத்தம் என் தலைக்கு மேலே கேட்கும்.

நான் மட்டும் அடங்கவில்லை. இந்த வருடமும் செய்முறை வைத்தேன், ‘பயிற்சிக்கு மட்டும், புள்ளி சேராது’ என்று அதிபரிடம் சொல்லிவிட்டு. எந்தத் தந்திரமும் செய்யவில்லை. அலுமாரியிலிருந்த நாக சல்பேற்றையே எடுத்துக் கொடுத்தேன், ஒரு பாவமும் அறியாத, அசல் சிங்க். அமோனியாவை ஊற்றியவர்களின் குழாய்களில் வீழ்படிவு முறையாகக் கரைந்து, தண்ணீர் மாதிரித் தெளிந்து நின்றது.

தாள்களைச் சேர்த்து எடுத்துப் பார்த்தேன். முழு வகுப்பும் அலுமினியம். ‘வெள்ளை வீழ்படிவு மிகையான அமோனியாவில் கரையவில்லை.’ அடிக்கோடும் போட்டிருந்தார்கள்.

“யாரு சொன்னது இது படிகாரம்னு?” என்று கேட்டேன்.

முன்வரிசைப் பையன் எழுந்து நின்றான். “போன வருச பெட்ச் சொன்னாங்க சேர். இந்த சேர் வெள்ளையா எது தந்தாலும் படிகாரந்தான், யோசிக்காம எழுதுங்கடான்னு.”

யாரும் இரண்டாவது தடவை அமோனியா கேட்கவில்லை. போத்தலில் கழுத்துவரை இருந்தது. மூடியை இறுக்கி அலுமாரியில் வைத்தேன். மிச்சந்தான்.