சிவப்புக் கோட்டும் நாம்பன் கன்றும்

மாடு வளர்ப்பதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. எட்டு வயதிலேயே கன்றின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, அது சூப்பச் சூப்பத் தலையை மெல்ல வாளிக்குள் அமத்தி, பால் குடிக்கப் பழக்கியவள் நான். அதுவும் யாழ்ப்பாணத்தில் இல்லை. மெல்பேர்னில், ரோவில் என்ற புறநகரையும் தாண்டிக் கிழக்கே போனால் வரும் பெரியப்பாவின் சின்னப் பண்ணையில்.

யுத்தத்தில் அம்மாவும் அப்பாவும் போன பிறகு பெரியம்மாதான் என்னைக் கூப்பிட்டு எடுத்தா. நான் வந்து இறங்கியபோது கட்டில், றபர் சப்பாத்து, சிவப்புக் கம்பளிக் கோட்டு என்று எல்லாமே தயாராக இருந்தன. எல்லாம் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அடேயப்பா, ஆள் வருமுன்பே உடுப்பு வந்து காத்திருக்கிற நாடு என்று வாயைப் பிளந்தேன். சாமியறையில் மாலை போட்ட படத்தில் ஒரு அக்கா இருந்தா. பெரியம்மாவின் ஒரே மகள், காய்ச்சலில் செத்துப்போனவ என்று சொல்லியிருந்தார்கள். தினமும் கும்பிட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை, எனக்கு வேலை நிறைய இருந்தது.

பெரியம்மா எதையும் தோய்க்காமல் விடமாட்டா. கதிரைச் சீலைகூடத் தப்பாது. ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டை மட்டும், நான் எவ்வளவு சேறு பூசிக்கொண்டு வந்தாலும், ஈரத்துணியால் துடைத்துக் கொக்கியில் கொளுவிவிடுவா. இந்த நாட்டில் கோட்டுத் தோய்ப்பதில்லையாக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் செவலைப் பசு போட்ட கன்று, பிறந்த அன்றே செத்துப்போனது. பசு தண்ணீர்கூடத் தொடவில்லை. அது வேலியோரம் நின்று கத்திய கத்தலில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மடி கட்டிக் கல்லாகிக்கொண்டு வந்தது. கறக்கப் போன பெரியப்பாவுக்கு உதைதான் விழுந்தது. பக்கத்துப் பால்பண்ணையில் ஒரு நாம்பன் கன்று கிடைத்தது. பால்பண்ணைக்காரருக்கு ஆண் கன்று எதற்கு? அடுத்த லொறியில் இறைச்சிக்குப் போக இருந்ததை, உங்கள் பசு சேர்த்தால் வைத்திருங்கள், இல்லாவிட்டால் திருப்பித் தாருங்கள் என்று கொடுத்துவிட்டார். அது என் விரலைச் சூப்பிய உடனேயே, இதை லொறியில் ஏற்ற விடுவதில்லை என்று நான் முடிவெடுத்துவிட்டேன்.

பசுவின் முடிவு வேறாக இருந்தது. ஒருதரம் மணந்து பார்த்தது, முட்டித் தள்ளியது. கன்று எழும்பி மறுபடியும் போக, மறுபடியும் முட்டியது.

"அது தன்ர பிள்ளையின்ர மணத்தைத் தேடுது," என்றார் பெரியப்பா. பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு, செத்த கன்று கிடந்த கொட்டிலுக்கு நடந்தார். அதன் தோலை உரித்து இதற்குப் போர்த்தப் போகிறாராம்.

பெரியம்மா குசினியிலிருந்து ஓடி வந்தா. "இஞ்சேருங்கோ, வேண்டாம். வாயில்லாச் சீவனை ஏமாத்தாதேங்கோ."

"கொஞ்ச நாளைக்குத்தானே. தன்ர பால் உள்ள போகப் போக, இதின்ர மணமே அதுக்குப் பழகிடும். பிறகு தோலைக் கழட்டிப் போடலாம்."

"கழட்டின பிறகு உதைச்சுதெண்டால்?"

பெரியப்பா கொட்டில் கதவைத் திறந்தார். பெரியம்மா என்னை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டா.

தோலில் கால்களுக்கு ஓட்டை விட்டு, நாம்பனின் வயிற்றோடு கயிற்றால் கட்டியாயிற்று. என் கோட்டைப் போலவே அதற்கும் கொஞ்சம் பெரிதாகத் தொளதொளத்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பசு வந்து முதுகை மணந்தது. மூசியது. பிறகு மெல்ல நக்கத் தொடங்கியது. கன்று ஓடிப்போய் மடியைப் பிடித்துக்கொண்டது.

தோல் நாறத் தொடங்கியதும் அதைக் கழட்ட வேண்டிய நாள் வந்தது. பெரியம்மாவும் வேலியடிக்கு வந்து, பின்னால் நின்று என் இரண்டு தோளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டா. உதைத்தால் லொறிதான். பெரியப்பா கயிற்றை அறுத்தார். கன்று குளிரில் வெடவெடத்துக்கொண்டு நின்றது. பசு மணந்தது, விலகியது, திரும்பி வந்து மணந்தது. பிறகு நாக்கை நீட்டி, தலையிலிருந்து வால்வரை அப்படியொரு நக்கு நக்கியது.

"வெண்டிட்டம்!" என்று துள்ளினேன். திரும்பிப் பார்த்தால் பெரியம்மா விக்கி விக்கி அழுதுகொண்டு நின்றா. வென்றதற்கு அழுகிற ஆளை நான் அன்றுதான் கண்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் என் கோட்டைக் கழட்டியவ, அதைக் கொளுவாமல் முகத்தில் வைத்து மணந்துகொண்டு நின்றா. கன்றைக் கட்டிப்பிடித்த கோட்டு அல்லவா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நாறுதோ பெரியம்மா?"

"இல்லையம்மா. இப்ப முழுக்க உன்ர மணம்தான்."

அடுத்த நாள் காலை பார்த்தால், சிவப்புக் கோட்டு தோய்த்துக் கொடியில் தொங்குகிறது! மாட்டு மணம் தாங்காமல் தோய்த்துவிட்டு, என் மனம் நோகக்கூடாது என்று பெரியம்மா நேற்று பொய் சொல்லியிருக்கிறா என்று நினைத்துக்கொண்டேன்.