போர்டில் ஒன்றும் இல்லை

தொண்ணூறுகளில் மைசூரில் எம்.ஏ. படித்தேன், பழந்தமிழ் இலக்கியம். வகுப்பில் நாங்கள் நாலே பேர். “இதைப் படிச்சு என்ன கிழிக்கப் போறே?” என்று எங்கள் விஜயநகர்ப் பேட்டையில் பக்கத்து வீட்டு மாமி கேட்காத நாளில்லை. சேர்ந்த அன்று புது மாணவர்களுக்கென்று ஒரு தாள் கொடுத்தார்கள். நூலக அட்டை எங்கே வாங்குவது, ஹாஸ்டலுக்கு யாரைப் பார்ப்பது, எத்தனை நாள் வகுப்புக்கு வராமல் இருக்கலாம், எல்லாம் அதில் இருந்தது. கன்னடத்தில் இருந்தது.

என் பக்கத்தில் இருந்தவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். கர்நாடக எல்லையில் ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மேட்டூரில் மாமா வீட்டில் தங்கித் தமிழிலேயே படித்தவள். கன்னடம் பேசுவாள், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. நான் நேர் எதிர், மைசூரிலேயே வளர்ந்து கன்னடம் தடையில்லாமல் படிப்பேன். வேறு எதிலும் இடம் கிடைக்காமல் வந்தவள். பழைய பாட்டைப் பார்த்தால் எங்கே மூச்சு விடுவது என்றே தெரியாது. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அறிவிப்புப் பலகையை அவளுக்காக நான் படிப்பேன், பாட்டுகளை எனக்காக அவள் பதம் பிரித்துத் தருவாள்.

அவளுக்கு இந்தப் படிப்பு எனக்குப் போலப் பொழுதுபோக்கு அல்ல. முதல் வருஷப் பரீட்சை எழுதினால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். மாப்பிள்ளையும் தயாராக இருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பில் என்னைப் பாட்டு வாசிக்கச் சொன்னார்கள். நான் கண்ட இடத்தில் வெட்டி வாசிக்க, அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நீயே போர்டைப் படிக்க என்னிடம்தானே வருகிறாய் என்று மனதுக்குள் கறுவினேன்.

சாயங்காலம் பையோடு வந்து நின்றாள். அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்கு வீட்டோடு போகிறார்களாம், கொள்ளேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம்.

“ஏம்புள்ள, போர்டுல ஏதாச்சும் போட்டிருக்குதா?”

“ஒண்ணும் இல்ல கணே” என்றேன். நம் ‘அடி’ மாதிரியான அந்தக் கன்னடக் ‘கணே’யை வழக்கமாகக் கிண்டல் செய்வாள். அன்று செய்யவில்லை. நான் பலகைப் பக்கம் போகவே இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை பார்த்தேன். பரீட்சை விண்ணப்பம் கொடுக்கப் புதன்கிழமை கடைசி நாள். போன வியாழக்கிழமையே ஒட்டியிருக்கிறார்கள். என் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாளே என்று பேசாமல் இருந்தேன். அவள் வீட்டில் போன் கிடையாது. ஆனால் பஸ் இருந்தது. போகத்தான் எனக்கு மனசு வரவில்லை. போனால் பார்க்காமலே சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவள் வந்தது வியாழக்கிழமை. மலையில் கூட்டம், இறங்கவே இரண்டு நாள் ஆயிற்றாம். நெற்றியில் விபூதி, கையில் எனக்குப் பிரசாதம். விஷயத்தைச் சொன்னதும் அலுவலகத்துக்கு ஓடினாள். விண்ணப்பக் கட்டு காலையிலேயே போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

“வெள்ளிக்கிழமெ போர்டுல இது இல்லீல்ல?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றேன். இரண்டாவது முறை.

அவள் பலகை முன்னால் போய் நின்றாள். அந்தக் காகிதம் எது என்று கேட்டாள், காட்டினேன். படிக்கத் தெரியாத வரிகளின் மேல் விரலை வைத்து மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில், கையெழுத்துக்குப் பக்கத்தில், விரல் நின்றது. அங்கே போன வியாழக்கிழமைத் தேதி இருந்தது. எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும்.

விரலை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். கேட்டிருந்தால், திட்டியிருந்தால், எனக்கு ஆறியிருக்கும். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பாடத்தில் இருந்த அத்தனை பாட்டும் பென்சிலால் பிரித்து எழுதியிருந்தது. மலையில் உட்கார்ந்து முடித்திருக்கிறாள்.

“பரிச்சைக்கு வேணுமில்ல, வெச்சுக்கோ” என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.